சூடான விண்மீன்கள்: நிறத்தை அளந்தால் வெப்பநிலை ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: தாராபுரம் வானோக்கி

அனைவருக்கும் வணக்கம். தாராபுரத்திற்கு மேற்கே எங்கள் தோட்டத்துச் சாளைக்கு முன்னுள்ள களத்தில் ஆறு அங்குலத் தொலைநோக்கியையும் கறுப்பு-வெள்ளைக் கேமராவையும் வைத்து, பி (நீலம்), வி (பச்சை-மஞ்சள்) ஃபில்ட்டர்கள் வழியாக விண்மீன்களின் பொலிவை அளந்து வருகிறேன். மஞ்சள், செம்மஞ்சள் விண்மீன்களில் இந்த இரண்டு அளவுகளின் வேறுபாடு, அதாவது நிறக்குறியெண், அட்டவணையோடு நன்றாகவே பொருந்துகிறது. மிகச் சூடான விண்மீன்களுக்கு வந்தால்தான் கணக்கு நிற்கவில்லை.

சித்திரை நட்சத்திரத்தின் முதன்மை விண்மீனுக்கு ஏறத்தாழ 25,000 கெல்வின் வெப்பநிலை என்றும், அகத்தியர் மீனுக்குக் கிழக்கே தென்வானில் இருக்கும் நாவோஸுக்கு ஏறத்தாழ 40,000 கெல்வின் என்றும் படித்திருக்கிறேன். இவ்வளவு வேறுபாடு இருந்தும் இரண்டின் நிறக்குறியெண்களும் ஒரு மேக்னிட்யூடில் (பொலிவை அளக்கும் அலகு) நூற்றில் சில பங்குதான் மாறுகின்றன. அதைவிட அதிகமாக என் அளவீடே இரவுக்கு இரவு அலைகிறது. மிருகசீரிடம் இன்னும் குழப்புகிறது. ஓரியனின் தலையில் இருக்கும் அது ஓ வகை (நிறமாலையை வைத்துப் பிரிக்கும் வகைகளில் மிகச் சூடானது) விண்மீன், சித்திரையைவிடச் சூடானது. ஆனால் என் அளவீட்டில் சித்திரையைவிட நீலம் குறைந்தே வருகிறது, அட்டவணையிலும் அப்படியே இருக்கிறது.

இதற்குக் காரணம் என்ன? நிறத்தை விட்டால் வேறு எதை அளப்பது? என்னிடம் மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட, ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கீற்றணி ஒன்றும் இருக்கிறது. அதைக் கொண்டு இந்த விண்மீன்களின் இயக்கத்தையும் அளக்க முடியுமா?

பதில்: சத்தி இயற்பியல் ஆசிரியை

உங்கள் கருவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. 25,000 கெல்வினில் இருக்கும் பொருள் மிகுதியாக ஒளி வீசும் அலைநீளம் ஏறத்தாழ 1,160 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). 40,000 கெல்வினில் அது 725 ஆங்ஸ்ட்ராம். இரண்டுமே ஆழ்ந்த புறஊதாப் பகுதியில் இருக்கின்றன, சுமார் 3,000 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்த எதையும் நமது காற்றுமண்டலம் தரைக்கு விடுவதில்லை. நம் ஃபில்ட்டர்களுக்குக் கிடைப்பது அந்த ஒளி வளைவின் வால்பகுதி மட்டுமே. போதிய அளவு சூடான எல்லாப் பொருள்களுக்கும் அந்த வாலின் சரிவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவேதான் நிறக்குறியெண் −0.3 ஐ ஒட்டி வந்ததும் தேங்கிவிடுகிறது. சித்திரைக்கு −0.23, நாவோஸுக்கு ஏறத்தாழ −0.27 என்பவையே ஏற்கப்பட்ட மதிப்புகள். அந்த 0.04 வேறுபாட்டிற்குள் 15,000 கெல்வின் ஒளிந்திருக்கிறது.

மிருகசீரிடத்தின் குழப்பத்திற்குக் காரணம் இடையில் உள்ள தூசி. தூசி நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் மறிப்பதால், விண்மீன் உள்ளபடி இருப்பதைவிடச் சிவந்து தெரிகிறது. சூடான பெரிய விண்மீன்கள் வாழ்நாள் குறுகியவை. தாம் பிறந்த வாயு-தூசி மேகத்தை விட்டு வெகுதூரம் போவதற்குள் பல முடிந்தும் விடுகின்றன. எனவே இந்த வகைக்குத் தூசித் திருத்தம் செய்யாத நிறக்குறியெண்ணைப் பொதுவாகவே நம்பக் கூடாது. பொலிவுக்கும் இதே விதிதான்: நிறம் எவ்வளவு சிவந்திருக்கிறதோ அதைப் போல ஏறத்தாழ 3.1 மடங்கு மேக்னிட்யூட் வி ஃபில்ட்டரில் மங்கியிருக்கும் என்று கொள்வது வழக்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் ஊரில் சித்திரை உச்சத்தில் 68 பாகை உயரத்திற்கு வரும். நாவோஸ் 39 பாகைக்கு மேல் வருவதில்லை. தலைக்கு நேர் மேலே உள்ள காற்றின் தடிமனை ஒன்று என்று வைத்தால், முதலாவதன் ஒளி 1.08 பங்கும் இரண்டாவதன் ஒளி 1.6 பங்கும் காற்றைக் கடந்து வருகிறது. பி ஃபில்ட்டரில் காற்றால் ஏற்படும் இழப்பு வி ஃபில்ட்டரைவிட அதிகம். ஆகவே ஒப்பீட்டு விண்மீனை அதே உயரத்திலும், முடிந்தால் அதே நிறத்திலும் தேர்ந்தெடுக்காவிட்டால், நீங்கள் தேடும் 0.04 இந்த வேறுபாட்டிலேயே கரைந்துபோகும்.

நிறத்தை வைத்தே செய்ய வேண்டுமென்றால் புறஊதாவை ஒட்டிய ஒளியை விடும் யு ஃபில்ட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யு, பி ஆகியவற்றின் வேறுபாடு சித்திரைக்கு ஏறத்தாழ −0.94, நாவோஸுக்கு −1.11. அதிலிருந்து, பி-வி நிறக்குறியெண்ணின் 0.72 மடங்கைக் கழித்தால் தூசியின் பாதிப்பு பெரும்பாலும் நீங்கிய ஓர் எண் கிடைக்கும். ஜான்சனும் மார்கனும் 1953-இல் முன்வைத்த முறை இது, இன்றும் பயன்படுகிறது.

பதில்: ஈரோடு ஒளிமானி

ஆசிரியை சொன்ன விளக்கம் முழுவதையும் ஏற்கிறேன். யு ஃபில்ட்டர் வாங்கும் யோசனையை மட்டும் ஏற்கவில்லை. நம் சமவெளியில், நூற்பாலைப் புகையும் சாலைப் புழுதியும் கலந்த காற்றில், புறஊதாவை ஒட்டிய ஒளியின் இழப்பு மணிக்கு மணி மாறும். பெரும்பாலான கேமராக்களின் உணர்திறனும் அந்தப் பகுதியில் மோசம். அந்தப் பணத்தை நிறமாலைக் கருவிக்கு ஒதுக்குவது நல்லது.

பதில்: பீளமேட்டுப் பட்டறைக்காரர்

என் கருத்தும் அதுவே. சூடான விண்மீன்களின் வகையை உறுதி செய்வது நிறமாலைக் கோடுகள்தான். 4,471 ஆங்ஸ்ட்ராமில் உள்ள நடுநிலை ஹீலியக் கோட்டையும், 4,541 ஆங்ஸ்ட்ராமில் உள்ள ஹீலிய அயனியின் கோட்டையும் ஒப்பிட்டுத்தான் ஓ வகையின் உட்பிரிவுகளை முடிவு செய்கிறார்கள். சித்திரையில் முதல் கோடு தெளிவாகத் தெரியும், இரண்டாவது இராது. நாவோஸில் இரண்டாவது ஓங்கி நிற்கும், முதலாவது ஏறக்குறைய மறைந்திருக்கும். இடையில் எவ்வளவு தூசி இருந்தாலும் இந்த விகிதம் மாறாது.

உங்களிடம் உள்ள கீற்றணியால் இந்த மெல்லிய கோடுகளைப் பிரித்தறிய முடியாது. ஆனால் அதற்கென்றே அமைந்தது போன்ற விண்மீன் ஒன்று நமது தென்வானில் இருக்கிறது. வேலா மண்டலத்தின் காமா விண்மீன் இரட்டை. அதில் ஒன்று வுல்ஃப்–ராயே வகை, மற்றொன்று ஓ வகை, இரண்டும் 78.5 நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. வுல்ஃப்–ராயே விண்மீனிலிருந்து வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் பொருள் வெளியே வீசப்படுவதால் அதன் கோடுகள் கறுப்பாக இல்லாமல், அகன்ற பிரகாசமான பட்டைகளாகத் தோன்றும். கார்பனின் பட்டைகளை 4,650, 5,696, 5,806 ஆங்ஸ்ட்ராம்களின் அருகே தேடுங்கள். கேமராத் திரையில் நிறமாலையின் நடுவே முடிச்சு முடிச்சாக அவை எழுந்து நிற்கும். 1867-இல் பாரிஸில் வுல்ஃபும் ராயேயும் இவ்வகையை முதன்முதலில் கண்டபோது அவர்களுக்கு வேலா மண்டலம் கிடைக்கவில்லை. அந்த ஊரின் அடிவானத்திற்கு மேல் இந்த விண்மீன் வருவதே இல்லை. நமக்கு மாசி மாதத்தில் இரவு பத்து மணியளவில் 32 பாகை உயரத்தில் நிற்கும். காவலூர் ஆய்வகத்தை உருவாக்கிய வேணு பாப்பு இவ்வகை விண்மீன்களை ஆராய்ந்தவர் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி இயக்கம். விண்மீன் நம்மை நோக்கி வந்தாலோ விலகிப் போனாலோ அதன் நிறமாலைக் கோடுகள் சற்றே இடம் நகரும். வினாடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திற்கு, சிவப்பு ஹைட்ரஜன் கோடு 0.22 ஆங்ஸ்ட்ராம்தான் நகரும். ஒளியை உள்ளே விடும் குறுகிய பிளவு இல்லாத கீற்றணியில், காற்றின் அலைவால் விண்மீனின் பிம்பம் அசைவதே அதைவிடப் பன்மடங்கு பெரிய பிழை. எனவே பிளவுள்ள நிறமாலைமானி கட்டாயம் வேண்டும். முப்பரிமாண அச்சில் வார்க்கக்கூடிய ஸ்டார்எக்ஸ் போன்ற திறந்த வடிவமைப்புகள் கிடைக்கின்றன. கோவையில் அலுமினியத்தில் கடைந்து தரும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வெயிலிலும் குளிரிலும் பிளாஸ்டிக் வளைவதைப் பார்த்தபின் நான் அலுமினியத்திற்கே மாறிக்கொண்டேன்.

அலைநீள அளவுகோலுக்குத் தனி விளக்கு வாங்க வேண்டியதில்லை. எலக்ட்ரீஷியன் சட்டைப்பையில் செருகியிருக்கும் லைன் டெஸ்டருக்குள் இருப்பது நியான் குமிழ். மின்தடையோடு சேர்த்து, மின்காப்பு செய்து, பிளவின் முன்னே அதைப் பொருத்துங்கள். மின்தடையைக் கழற்றவே கூடாது. ஹைட்ரஜன் கோட்டின் இருபுறமும் 6,532.9, 6,599.0 ஆங்ஸ்ட்ராம்களில் நியான் கோடுகள் விழும். அதைவிட அருமையான பொருத்தம் ஒன்றும் உண்டு: 6,678.28 ஆங்ஸ்ட்ராமில் உள்ள நியான் கோடும், சூடான விண்மீன்களில் தெரியும் 6,678.15 ஆங்ஸ்ட்ராம் ஹீலியக் கோடும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருக்கின்றன. விண்மீனின் கோடு எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அளவுகோலை நீட்டாமலேயே படிக்கலாம்.

பயிற்சிக்குச் சித்திரையைவிட நல்ல விண்மீன் இல்லை. அது இரட்டை என்பதை ஃபோகல் 1890-இல் நிறமாலையைக் கொண்டே கண்டறிந்தார். முதன்மை விண்மீனின் வேகம் இருபுறமும் வினாடிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மாறுவதால், ஹீலியக் கோடு அங்கும் இங்கும் 2.7 ஆங்ஸ்ட்ராம் நகரும். வேகமாகச் சுழலும் விண்மீன் என்பதால் கோடு அகன்றிருக்கும். அதன் ஆழமான புள்ளியைத் தேடாமல் இரு சரிவுகளின் நடுவை அளவெடுங்கள்.

கேள்வியாளர்: தாராபுரம் வானோக்கி

மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் மட்டும். இந்த விண்மீன்கள் வானத்தில் குறுக்காக நகர்வதை ஆண்டுக்கணக்கில் படமெடுத்து நாமே அளக்க முடியுமா? சித்திரையை எத்தனை இரவு அளக்க வேண்டும்?

பதில்: சத்தி இயற்பியல் ஆசிரியை

முதல் ஐயத்திற்கு: அநேகமாக முடியாது. மிகுந்த வேகத்தில் ஓடும் சூடான விண்மீன்களுக்குப் பேர்போன உதாரணம் ஆரிகா மண்டலத்தின் ஏ.இ. விண்மீன். அதுவும் கொலம்பா மண்டலத்தின் மியூ விண்மீனும் ஓரியன் பகுதியிலிருந்து எதிரெதிர்த் திசைகளில், வினாடிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருப்பதைப் பிளாவும் மார்கனும் 1954-இல் எடுத்துக்காட்டினர். பின்னோக்கிக் கணக்கிட்டால் சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே இடத்தில் இருந்திருக்கின்றன. அப்படி ஓடுகிற விண்மீனே, தொலைவு காரணமாக, வானத்தில் ஆண்டுக்கு 0.043 விகலைதான் (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. ஒரு விகலை நகர 23 ஆண்டுகள் ஆகும். இந்த வேலையை ஹிப்பார்க்கோஸ், கயா விண்கலங்களின் தரவுக்கு விட்டுவிடலாம். ஆனால் சித்திரை, நாவோஸ் போன்ற மிகப் பிரகாசமான விண்மீன்களைக் கயாவால் சரிவர அளக்க முடியவில்லை. அவற்றுக்கு 1989 முதல் 1993 வரை இயங்கிய ஹிப்பார்க்கோஸின் தரவையே இன்றும் எடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது ஐயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சித்திரையின் சுற்றுக்காலம் 4.0145 நாள். இது கிட்டத்தட்ட முழு எண் என்பதால், நாள்தோறும் ஒரே நேரத்தில் அளப்பவருக்குச் சுற்றின் அதே நான்கு நிலைகள்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் 21 நிமிடம் போலவே அவை நகரும். ஆகவே இரவுகளைக் கூட்டுவதைவிட நேரத்தை மாற்றுவது பயன் தரும்: ஓரிரவு மாலையில், மறுநாள் நள்ளிரவில், அடுத்த நாள் விடியலுக்கு முன் என்று. பங்குனி, சித்திரை மாதங்களில் இரவு முழுவதும் அது கிடைக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகமும் காற்றும் வரத் தொடங்கியபின் நம் பக்கம் அளப்பது வீண்.

பதில்: பீளமேட்டுப் பட்டறைக்காரர்

ஒரு சேர்க்கை. பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தைக் கழிக்காமல் யாரும் எண்ணை வெளியிட வேண்டாம். சித்திரை சூரியப் பாதையை ஒட்டியே இருப்பதால் அதற்கு இந்தத் திருத்தம் முழு அளவில் வரும்: தை மாத விடியலில் நாம் அதை நோக்கி வினாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் போகிறோம், ஆடி மாத மாலையில் அதே வேகத்தில் விலகுகிறோம், சித்திரை மாதத் தொடக்கத்தில் திருத்தம் ஏறக்குறைய பூச்சியம். முதல் அளவீடுகளை அந்த வாரங்களிலேயே வைத்துக்கொண்டால், திருத்தத்தின் கூட்டல் கழித்தல் குறி தவறினாலும் பெரிய பிழை வராது. கோப்பில் நேரத்தை உலக நேரத்தில் நிமிடம் வரை குறித்து வையுங்கள். எடுத்த படங்களை இங்கே இட்டால் ஹீலியக் கோட்டை நானும் தனியாக அளந்து சொல்கிறேன்.