மாவுக்கட்டு போட்ட கையோடு ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவித் தலையைத் தடவுவது) எப்படி?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவுக்கு இடது முன்கையில் எலும்பு முறிவு. உள்ளங்கையிலிருந்து முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை மாவுக்கட்டு, 6 வாரம். நாங்கள் ஷாஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பிரிவு). தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணால் முகம், கைகளைத் தடவுவது) மட்டும் போதுமா, கட்டின் மேல் தடவணுமா? கை ஆறியதும் திரும்பத் தொழணுமா?

பதில் 1: வ அலைக்குமுஸ்ஸலாம். ஷாஃபியில் மூன்றும் சேர்ந்தே வரும். கழுவ முடிந்ததைக் கழுவணும், கட்டு முழுக்க ஈரக்கையால் மஸஹ் செய்யணும் (தடவணும்), மறைந்த இடத்துக்காகத் தயம்மும் செய்யணும். சலுகை, கழுவ முடியாத இடத்துக்கு மட்டும்தான். ஒளுவின் கடமை முழுவதும் நீங்கிவிடாது.

வரிசை முக்கியம். முகம் கழுவி, வலது கையை முழங்கையோடு கழுவுங்கள். இடது கையை விரல் நுனி கீழே பார்க்கச் சாய்த்து, டம்ளரால் விரல்களில் ஊற்றி இடுக்குகளைத் தேயுங்கள். கையைத் தூக்கினால் தண்ணீர் உள்ளே ஓடிப் பஞ்சு நனையும். அது காயாமல் தோல் புண்ணாகும். கட்டின் ஓரத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். முழங்கையையும் விடக்கூடாது. மஸஹ், தயம்மும் முடித்த பிறகே தலை, கால். ஒளு முறியாவிட்டாலும் அடுத்த ஃபர்ளு (கடமையான) தொழுகைக்குத் தயம்மும் மட்டும் புதிதாகச் செய்யணும்.

கட்டு இருப்பது தயம்மும் செய்யும் உறுப்பில் (கையில்) என்பதால், திரும்பத் தொழணும் என்பதே மத்ஹபின் தீர்ப்பு. 6 வாரத்துக்கு 210 வக்து (வேளைத் தொழுகை). அந்நேரத்தில் கடமையானபடி தொழுததைத் திரும்பத் தொழ வேண்டாம் என்பது இமாம் ஷாஃபியின் மாணவர் முஸனீயின் கருத்து. வயதானவர் என்றால் இதை உங்கள் ஆலிமிடம் அவசியம் கேளுங்கள்.

பதில் 2: ஹனஃபி மத்ஹபில் கட்டின் பெரும்பகுதியை ஒரு தடவை தடவினால் போதும். கட்டுப் போடும்போது ஒளு இருந்திருக்க வேண்டியதில்லை. கூடவே தயம்மும் இல்லை, களாவும் (திரும்பத் தொழுவதும்) இல்லை. தடவுவதே கெடுதி என்றால் அதுவும் கடமையில்லை. ஒளுவையும் தயம்மும்மையும் சொல்லும் குர்ஆன் 5:6 வசனமே, அல்லாஹ் உங்களுக்குச் சிரமத்தை நாடவில்லை என்கிறது.

கேள்வி கேட்டவர்: ஜஸாக்கல்லாஹ். பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு ஒளு செய்கிறார். அது சரியா?

பதில் 1: இல்லை. பைக்குள் விரல்கள் காய்ந்தே இருக்கும், மஸஹும் கட்டில் படாது. பை குளிக்க மட்டும், ஒளுவுக்குக் கழற்றிவிடுங்கள். கையை நன்றாக உதறிவிட்டுத் தடவினால் அந்த ஈரத்தில் மாவு ஊறாது.

கட்டை வெட்டி எடுத்த அன்று பழைய ஒளுவோடு தொழ வேண்டாம். ஷாஃபியில் அந்தக் கையைக் கழுவி, தலைக்கு மஸஹ் செய்து, கால்களையும் கழுவணும்.

பதில் 2: ஹனஃபியில் ஆறிய இடத்தை மட்டும் கழுவினால் போதும். ஆறும் முன்பே கட்டு கழன்றால் மஸஹ் முறியாது.