மாற்ற மேலாண்மை இனி எந்தத் திசையில் செல்லும்?

கேள்வி (மணலி):
எங்கள் ஆலையில் ஷிப்டு ஒப்படைப்புப் பதிவேடுகள் (ஒரு ஷிப்டு அடுத்த ஷிப்டுக்கு விட்டுச்செல்லும் குறிப்புகள்) கையடக்கக் கருவிக்கு மாறுகின்றன. ஒரு மாற்றம் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் தொழிலாளர்கள் சலித்துப்போயுள்ள நிலையில், வரும் ஆண்டுகளில் மாற்ற மேலாண்மை, அதாவது புதிய முறைகளுக்குப் பணியாளர்களைத் திட்டமிட்டுப் பழக்கும் பணி, எப்படி அமையும்?

மறுமொழி (திருவொற்றியூர்):
1947இல் உளவியலாளர் குர்ட் லெவின் விளக்கிய இளக்குதல் (பழைய பழக்கத்தைத் தளர்த்துதல்), மாற்றுதல், உறையவைத்தல் (புதியதை நிலைபெறச் செய்தல்) என்னும் மூன்று கட்டங்களில், கடைசிக் கட்டம் இனி வாய்ப்பது அரிது. ஆகவே ஒரே பிரிவின் தலையில் எத்தனை மாற்றங்களை ஏற்றுகிறோம் என்று கணக்கு வைத்து, சிலவற்றைத் தள்ளிப்போடுவதே நிர்வாகத்தின் முதன்மைத் திறனாக இருக்கும் என்பது என் கருத்து.

மறுமொழி (ராயபுரம்):
ஐயா சொல்வது சரியே. யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைக் கருவியே காட்டிவிடும். அத்தரவைத் தொழிலாளர்களைத் தண்டிக்கப் பயன்படுத்தினால், இரவு ஷிப்டின் முடிவில் பதிவேட்டின் எல்லாப் பெட்டிகளிலும் ‘சரி’ என்றே நிரப்பிவிடுவார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கையுறையோடு தொடுதிரை இயங்காததால் வால்வு எண்ணைப் பதிவதில்தான் சிக்கல். அதை முதலில் எடுத்துச் சொல்கிறேன்.