செஞ்சிக் கோட்டை: மலை ஏற முடியாத அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

வேளச்சேரிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, முழங்கால் வலி வேற. சின்ன வயசுல எங்களுக்கு தேசிங்கு ராஜன் கதை சொல்லி வளர்த்தவர். 2025ல செஞ்சி யுனெஸ்கோ பட்டியல்ல வந்ததுலேர்ந்து பார்த்தே ஆகணும்னு நிக்கிறார். மலை ஏறாம கீழே மட்டும் சுத்தினா போன மாதிரி இருக்குமா? காலையில கிளம்பி ராத்திரிக்குள்ள வீடு திரும்பிடலாமா?

தாம்பரம் ரைடர்:
தாராளமா திரும்பிடலாம் சார். ஜிஎஸ்டி ரோட்டுல நேரா திண்டிவனம், அங்கேர்ந்து திருவண்ணாமலை ரோடு. விடியறதுக்குள்ள தாம்பரத்தைத் தாண்டிடுங்க. பண்டிகைக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம், செங்கல்பட்டு வரைக்கும் ஊர்ந்துதான் போகணும்.

செஞ்சிக்காரி:
நான் பிறந்து வளர்ந்தது செஞ்சி, இப்போ குரோம்பேட்டையில இருக்கேன். அப்பாவைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க சார். ராஜகிரி உச்சிக்குப் போனாத்தான் கோட்டைன்னு சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. மூணையும் முக்கோணமா மதில் சேர்க்குது. பாறை செங்குத்தா நிக்கிற இடத்துல பாறையேதான் மதில். ஏற வழி இருக்கிற இடத்துலதான் சுவர் எழுப்பியிருக்காங்க. மதில் ஒரு உருண்டைப் பாறையில போய் முட்டுற இடத்தைத் தேடிப் பாருங்க. பாறை எப்படி வளையுதோ அதுக்கேத்த மாதிரி கல்லை வெச்சு, இடுக்குல சில்லுக்கல் சொருகியிருப்பாங்க. அப்பாவை அங்கே கை வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. கட்டினவங்க இந்த மலையை எவ்வளவு நல்லாப் புரிஞ்சு வெச்சிருந்தாங்கன்னு எனக்குத் தெரிஞ்சது அங்கேதான்.

1690 வாக்குல சிவாஜியோட மகன், மராத்திய மன்னர் ராஜாராம் உள்ளே இருந்தப்போ, சுல்ஃபிகர் கான் தலைமையில முகலாயப் படை வந்து சூழ்ந்துச்சு. கோட்டை விழுந்தது 1698லதான். அத்தனை வருஷம் தாங்கினதுக்கு மதில் மட்டும் காரணம் இல்ல, தண்ணியும்தான். மொட்டைப் பாறையில விழுற மழை சரிஞ்சு வந்து சுனையிலயும் குளத்துலயும் தங்கும். அடிவாரத்துல ஆனைக்குளம், நெல் கொட்டி வெச்ச களஞ்சியம், குதிரை லாயம், அடுக்கடுக்கா உயர்ற கல்யாண மஹால் எல்லாம் ஏறாமலே பார்க்கலாம். கல்யாண மஹாலுக்கு சுடுமண் குழாய் வழியா தண்ணி கொண்டுவந்திருக்காங்க.

அப்பாவுக்கு இன்னொண்ணு காட்டுங்க. 1714ல தேசிங்கை வீழ்த்தினவர் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான். அவர் பேர்லயே ஒரு பள்ளிவாசல் கோட்டைக்குள்ள இருக்கு. கதையில கேட்ட ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல நிக்கிற மாதிரி இருக்கும்.

வேளச்சேரிவாசி:
ரொம்ப நன்றிம்மா. அப்பாவை நிழல்ல உட்கார வெச்சுட்டு நானும் பையனும் மட்டும் ராஜகிரி ஏறலாமா?

செஞ்சிக்காரி:
ஏறலாம் சார், ஆனா காலையில முதல் வேலையா ஏறிடுங்க. கிட்டத்தட்ட 800 அடி, வெயில் ஏறிட்டா பாறை கொதிக்கும். மதியத்துக்கு மேல போனா ஏற விடமாட்டாங்க. உச்சிக்குக் கிட்ட மலையே ரெண்டாப் பிளந்து கிடக்கும், அந்தப் பிளவுமேல ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்துல பாலத்தை எடுத்துட்டா எதிரி அதோட நிக்க வேண்டியதுதான். தோண்டாமலே கிடைச்ச அகழி அது! தின்பண்டத்தைக் கையில எடுத்துட்டுப் போகாதீங்க, குரங்கு விடாது.

என்னைக் கேட்டா கிருஷ்ணகிரிதான் ஒசத்தி. உயரம் கம்மி, கூட்டமும் கம்மி. மேல இருக்கிற குவிமாட மண்டபத்துலேர்ந்து பார்த்தா எதிர்ல ராஜகிரி முழுசாத் தெரியும். மதில் எங்கே நின்னு பாறை எங்கே ஆரம்பிக்குதுன்னு பையனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. பாறையில பெயிண்டால பேர் எழுதறவங்களைப் பார்த்தா, தயவுசெஞ்சு அங்கேயே தடுத்துடுங்க சார்.

தாம்பரம் ரைடர்:
வர்ற வழியில பாண்டிச்சேரி பக்கம் போனா, கடற்கரையில காந்தி சிலையைச் சுத்தி நிக்கிற கல்தூண்களையும் அப்பாவுக்குக் காட்டுங்க சார். பிரெஞ்சுக்காரங்க செஞ்சியிலேர்ந்து எடுத்துட்டுப் போனதுதான்.