கண்மாய் விலாங்குக்கு ஏன் சினையே இருப்பதில்லை?

கண்மாய்க்கரையான்:
ராமநாதபுரம் பெரிய கண்மாய்ப் பக்கம் எங்கள் ஊர். தண்ணீர் வற்றி மீன் பிடித்தபோது சேற்றுக்குள்ளிருந்து கைத்தடிமனில் ஒரு விலாங்கு வந்தது, சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் பிடிக்க முடிந்தது. கெண்டை, விராலைச் சினையோடு பார்த்திருக்கிறோம். விலாங்கை எத்தனை அறுத்தாலும் சினை கிடையாது. சேற்றில் தானாகப் பிறக்கும் என்கிறார் அப்பத்தா. உண்மையில் எங்கிருந்து வருகிறது?

முகத்துவாரம்:
முதலில் அது ஆரலா என்று பாருங்கள். ஆரலுக்கு முதுகில் வரிசையாக முள் இருக்கும், மூக்கு கூராக நீண்டிருக்கும். விலாங்குக்கு முள் இல்லை, முதுகுத் துடுப்பு வாலைச் சுற்றி வயிற்றுப்பக்கம் வரை ஒரே நாடாவாக ஓடும்.

கண்மாய்க்கரையான்:
முள் இல்லை. மஞ்சள் உடம்பில் கரும்படை.

முகத்துவாரம்:
அப்போ விலாங்குதான். அது பிறந்தது கடலில். ஆழ்கடலில் பொரிக்கும் குஞ்சு வேப்பிலை மாதிரி தட்டையாக, நிறமே இல்லாமல் நீரோட்டத்தில் மிதந்து வரும், கரையை நெருங்கும்போது உருண்டு, விரல்நீளக் கண்ணாடிக் குஞ்சாகி, ஆற்று நீர் கலக்கும் இடமாகப் பார்த்து உள்ளே ஏறும். நம் பக்கம் மழைக்காலத்தில் கண்மாய் உபரிநீர் ஆற்றங்கரை என்ற ஊர் அருகே கடலில் சேர்கிறதே, அதுதான் வழி. ஈரச் சுவரில்கூட ஒட்டிக்கொண்டு ஏறிவிடும். பல வருஷம் நன்னீரில் வளர்ந்த பிறகு கண் பெருத்து, குடல் சுருங்கி, இரையை நிறுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்பும். சினை முற்றுவது அங்கே போன பிறகுதான், அதனால்தான் உங்கள் கத்திக்கு அகப்படவில்லை. ஒரே தடவை முட்டையிட்டுச் செத்துவிடும். ஜப்பான் விலாங்கின் முட்டையையே 2009இல்தான் மரியானா தீவுகளுக்கு மேற்கே நடுக்கடலில் எடுத்தார்கள். அரிஸ்டாட்டிலும் சேற்றில் பிறக்கிறது என்றுதான் எழுதி வைத்தார், அப்பத்தாவைக் குறை சொல்லாதீர்கள்.

உப்புக்காற்று:
பாம்பன் ஏலத்துக்கு வரும் கடல் விலாங்கும் இதுவும் ஒன்றா?

முகத்துவாரம்:
இல்லை, அது கடலிலேயே வாழும் வேறு இனம். இன்னொன்று, விலாங்கின் வேகாத ரத்தம் நஞ்சு. அறுக்கும்போது கண்ணில் படவிடாதீர்கள். நன்றாக வெந்துவிட்டால் பயமில்லை.

கண்மாய்க்கரையான்:
சரி, உபரிநீர் வழியும் கலுங்கு பாயாத வருஷம் அது எப்படிக் கடலுக்குப் போகும்?

முகத்துவாரம்:
போகாது, கிடக்கும். ஸ்வீடனில் பிரான்டேவிக் என்ற ஊரில் 1859இல் கிணற்றில் விட்டதாகச் சொல்லும் விலாங்கு 2014இல்தான் செத்தது, அந்தக் கணக்கை நான் முழுசாக நம்பவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கிணறு வற்றாது, உங்கள் கண்மாய் வற்றுகிறது. தோலாலும் மூச்சு விடும் என்பதால் சேற்றில் ஈரம் இருக்கும் வரை தாங்கும், அதற்குள் மழை வர வேண்டும்.