கேட் ஓரம் மழைநீர்க் கிணறு தோண்டணும், குறுக்கே ஈ.பி. யு.ஜி. (நிலத்தடி) கேபிள் போகுது

அண்ணாநகர்வாசி:
சென்னையில் தனி வீடு. கேட்டுக்கு உள்ளே 3 அடி விட்டம், 12 அடி ஆழத்தில் உறை இறக்கப் போகிறோம். தெருவிலுள்ள பில்லர் பாக்ஸிலிருந்து (ஈ.பி. மின் பெட்டி) மீட்டருக்கு வரும் கேபிள் அந்தப் பக்கம்தான். சரியான இடம் தெரியவில்லை. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுக் கடப்பாரை போடலாம் என்கிறார் மேஸ்திரி. போதுமா?

கேபிள்காரன்:
போதாது சார். மெயினை இறக்கினால் வீட்டு வயரிங்தான் அடங்கும். பில்லரிலிருந்து மீட்டர் வரை கேபிளில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகும் உங்கள் வீட்டு ஈ.எல்.சி.பி.க்கும் அங்கே வேலை இல்லை. கடப்பாரை கேபிளின் இரும்புக் கவசமான ஆர்மரைத் துளைத்து ஃபேஸைத் தொட்டால், பில்லர் ஃபியூஸ் போவதற்குள் தீப்பிழம்பு கிளம்பி முகமும் கையும் வெந்துவிடும். ரப்பர் கையுறை அதைத் தடுக்காது. செக்‌ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுத்து, லைன்மேன் வந்து பில்லரில் ஃபியூஸை எடுத்த பிறகே மண்ணில் கை வையுங்கள். பக்கத்து வீட்டுக் கேபிளும் அதே பள்ளத்தில் வரலாம், அதையும் அவரிடம் கேளுங்கள்.

ஓவர்சியர்:
தேடும்போது கரண்ட் ஓட வேண்டும், தோண்டும்போது ஓடக் கூடாது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மண்ணுக்குள் கேபிளைத் தேடும் லோக்கேட்டர் கருவியை வாடகைக்கு எடுத்தால், 50 ஹெர்ட்ஸ் மோடில் லோடு ஓடும் கேபிளுக்கு மேலேதான் அது கத்தும், ஏ.சி., கீசரைப் போட்டுவிட்டு நெடுக்கிலும் குறுக்கிலும் நடங்கள். அப்போதும் மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இருந்தால் சத்தம் வராமல் போகலாம். அதனால் கேபிளுக்குள் தனி சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் கிளாம்பை மீட்டர் பக்கம் கேபிளில் மாட்டிப் பார்ப்பதே நம்பகம். கருவி காட்டும் ஆழத்தை நம்பாதீர்கள்.

கேபிள் பதிப்பதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1255 படி எல்.டி. (குறைந்த மின்னழுத்த) கேபிள் 75 செ.மீ. ஆழத்தில் இருக்கணும். காம்பவுண்டுக்குள் ஒரு அடியிலேயே கிடப்பதும் உண்டு. குறி போட்ட கோட்டுக்குக் குறுக்கே ஒரு அடி அகலத்தில் சோதனைக் குழி எடுங்கள். மண்வெட்டியால் மேலாகச் சீவணும். கடப்பாரையை நேராகக் குத்தவே கூடாது. சுற்றுமண் கறுப்பாக இருக்க, நடுவில் ஆற்று மணலோ வரிசையாகச் செங்கலோ வந்தால் கேபிள் அடியில்தான். அங்கிருந்து கொத்துக்கரண்டி.

அண்ணாநகர்வாசி:
நன்றி சார். மெட்ரோ வாட்டர் லைனையும் லோக்கேட்டர் காட்டுமா?

ஓவர்சியர்:
பி.வி.சி. என்றால் காட்டாது. கை வெட்டுதான் வழி.

கேபிள்காரன்:
கேபிள் தெரிந்ததும் கிணற்றை நகர்த்துங்கள். உறை 3 அடி என்றாலும் வெட்டும் குழி 4 அடியைத் தாண்டும், ஓரம் சரிந்தால் கேபிள் தொங்கும். மேலுறை லேசாகக் கீறினாலும் டேப் சுற்றி மூடாமல் லைன்மேனிடம் காட்டுங்கள். ஈரம் உள்ளே ஏறி ஆர்மர் துருப்பிடித்து, அடுத்த மழையில் ஃபால்ட் வரும். லைவ் கேபிளில் கடப்பாரை சிக்கிவிட்டால் அதைப் பிடுங்காமல் எல்லாரும் விலகி, ஈ.பி. புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். மூடும்போது மணல், செங்கல், அதற்குமேல் ஒரு அடி விட்டு எச்சரிக்கை டேப்.