வாக்கிங்கில் நாய் இளகலாகப் போனால் எப்படி அள்ளுவது?

மாலைநடை:
பை எப்போதும் கையில் இருக்கிறது. கெட்டியாகப் போனால் பிரச்சினை இல்லை. புல்மேல் இளகலாகப் போய்விட்டால் பாதிதான் பைக்குள் வருகிறது. மீதிக்குத் தண்ணீர் ஊற்றினால் போதுமா? "மாட்டுச் சாணி மாதிரி இதுவும் உரம்தானே, விட்டுடுங்க" என்று சொல்பவர்களுக்கு என்ன பதில்?

கூடைக்காரன்:
எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றாதீங்க. கரைந்து பரவிவிட்டால் அப்புறம் அள்ளவே முடியாது. தார்ச்சாலையாக இருந்தால் மழைநீர் வடிகாலுக்கு ஓடிவிடும். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமல்தான் ஆறு குளத்தில் சேர்கிறது.

ஒரு கைப்பிடி உலர்ந்த மணலோ மரத்தூளோ மேலே தூவி, ஒரு நிமிஷம் விடுங்க, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போஸ்ட்கார்டு அளவில் இரண்டு அட்டை போதும். ஒன்றைத் தரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, இன்னொன்றால் அதன்மேல் தள்ளணும். புல்லில் என்றால் வேர்ப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி வழியுங்க. எதிர்ப்பக்கம் இழுத்தால் அடிவரை தேய்த்துவிடுவீங்க. ஒட்டின புல்லைப் பிய்த்து அட்டையோடு சேர்த்துப் பையில் போட்டுக் கட்டிடுங்க. சிமெண்ட் தரையில் கறை மட்டும் மிஞ்சினால் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காகிதத்தால் துடைத்தால் போகும்.

பை விஷயம்: ரோல் பை பெரும்பாலும் அடி ஒட்டில்தான் விடும். கையை உள்ளே விடுவதற்கு முன் ஒரு தடவை ஊதிப் பாருங்க. அள்ளி, உள்வெளியாகத் திருப்பியதும் காற்றைப் பிதுக்கிவிட்டு முடிச்சுப் போடுங்க. உப்பலாகக் கட்டினால் தொட்டியில் மேலே ஏதாவது விழும்போது வெடிக்கும்.

ஈரமண்:
உரக் கேள்விக்கு. மாடு புல் தின்கிறது, நாயின் தீனியில் இறைச்சிப் புரதம் அதிகம், அதனால் இரண்டும் ஒன்றல்ல. அதைவிடப் பெரிய விஷயம் புழு. டாக்ஸோகேரா என்ற உருண்டைப்புழுவின் முட்டை, விழுந்த அன்றே தொற்றாது. மண்ணில் கிடந்து முதிர 2 முதல் 4 வாரம் பிடிக்கும். அதாவது கக்கா மழையில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் அந்த இடம் ஆபத்தாகிறது. முட்டையின் ஓடு தடிப்பு. வருஷக்கணக்கில் மண்ணில் தாங்கும். குழந்தைகள் மண்ணை அளைந்த கையை வாயில் வைக்கும்போது உள்ளே போகும். கொக்கிப்புழு இன்னும் அவசரம்: வெதுவெதுப்பான ஈரமண்ணில் ஒரு வாரத்துக்குள்ளேயே லார்வா தயார், வெறுங்காலின் தோல் வழியாகவே நுழையும். அன்றன்றைக்கே அள்ளினால் இரண்டுமே மண்ணில் பெரும்பாலும் தங்காது.

மாலைநடை:
அள்ளின இடத்தில் பிளீச்சிங் தெளித்தால்? வீட்டில் உரக்குழி இருக்கிறது, மக்கும் பையோடு அதில் போடலாமா?

கூடைக்காரன்:
இரண்டும் வேண்டாம். பிளீச்சிங்குக்கு அந்த முட்டை சாகாது, புல்தான் வெளுக்கும். வீட்டு உரக்குழி, குழி முழுக்க நாள்கணக்கில் 60 டிகிரி சூடு நிற்கிற அளவுக்குப் பெரும்பாலும் ஏறாது. புழு முட்டை பிழைத்துவிடும். காய்கறிப் பாத்திக்குப் போகிற உரத்தில் கலக்கவே கூடாது. 'மக்கும்' என்று மட்டும் அச்சிட்ட பை எத்தனை நாளில், எந்தச் சூட்டில் மக்கும் என்று எதுவும் சொல்வதில்லை. இ.என். 13432 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டிருந்தாலும் அது பெரிய உரத் தொழிற்கூடத்துக்கான தரம்.

கழிவறையில் போடுவதென்றால் பை இல்லாமல், மணலும் கல்லும் ஒட்டாமல், பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் மட்டும், அதுவும் உங்கள் ஊரில் அனுமதி இருந்தால். செப்டிக் டேங்க் என்றால் வேண்டாம், நாய் முடி உள்ளேயே தங்கும். மற்றபடி மூடியுள்ள குப்பைத்தொட்டிதான். கட்டின பையை மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் அள்ளாமலே போயிருக்கலாம். பை இல்லாமல் கிடந்தால் மழைக்காவது கரையும்.

ஈரமண்:
இளகல் 2 நாளுக்கு மேல் நீடித்தால், இல்லை ரத்தமோ வாந்தியோ சேர்ந்தால் கால்நடை டாக்டரிடம் கக்காவின் சாம்பிள் கொண்டுபோங்க. நெல்லிக்காய் அளவு போதும். மண்ணில் படாத மேல்பகுதியாக எடுங்க. மண்ணிலேயே வாழும் புழுக்களும் உண்டு, மைக்ராஸ்கோப்பில் குழப்பும். மூடி போட்ட டப்பாவில், அன்றைக்கே கொடுக்கணும். தாமதமானால் ஃபிரிட்ஜில் வையுங்க, ஃப்ரீசரில் வேண்டாம்.