அம்மாவுக்கு 80: ஹோட்டலா, மொட்டை மாடியா?

குழு: ராஜம்மாள் குடும்பம், மதுரை
12 ஜூலை 2021, திங்கள்

பாலு: வரும் ஞாயிறு அம்மாவுக்கு 80. ஹோட்டலில் ஏசி ஹால் பேசி அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். மதியச் சாப்பாடு. நம் குடும்பம் மட்டும், 22 பேர். யாரும் சாக்குச் சொல்லக் கூடாது.

கார்த்திக்: கறிதோசை உண்டா அப்பா?

மல்லிகா: ஹோட்டலிலா தம்பி? இந்தக் கொரோனா நேரத்திலா?

பாலு: மதினி, 5-ஆம் தேதியிலிருந்து உட்கார்ந்து சாப்பிட அரசே அனுமதி கொடுத்துவிட்டது. பாதி இருக்கைதான். மீனாட்சி கோவிலே திறந்தாயிற்று.

வசந்தா: கோவில் திறந்துவிட்டார்களா?

மல்லிகா: வெள்ளிக்கிழமை போய் வந்தேன் வசந்தா. கண்குளிரப் பார்த்தேன்.

சுந்தரம்: பாலு, அனுமதி இருக்கிறது என்பதும் ஆபத்து இல்லை என்பதும் ஒன்றல்ல. பொறுமையாகப் படி. சீனாவில் குவாங்சோ நகரம். 2020 ஜனவரி 24, அவர்கள் புத்தாண்டுக்கு முந்தின நாள். ஜன்னல் இல்லாத ஏசி உணவகம். அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள். மேசைக்கு மேசை சுமார் ஒரு மீட்டர் இடைவெளி. ஊகானிலிருந்து வந்திருந்த குடும்பத்தில் ஒருவருக்குத் தொற்று. கடைசியில் அவரோடு சேர்த்து மூன்று குடும்பத்திலும் 10 பேருக்கு வந்துவிட்டது. பரிமாறியவர்களுக்கு வரவில்லை, மற்ற மேசைக்காரர்களுக்கும் வரவில்லை. ஏசிக் காற்று அந்த மூன்று மேசைகளுக்குள்ளேயே போய்த் திரும்பிச் சுழன்றதுதான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

கார்த்திக்: பெரியப்பா, பாதி படித்துவிட்டேன்.

சுந்தரம்: மீதியையும் படி. சாப்பாட்டில் ஒன்றும் இல்லை. பார்சல் வாங்கினால் பயமில்லை. மூடிய அறையில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிடுவதுதான் ஆபத்து. நம் வீட்டில் மெதுவாகப் பேசத் தெரிந்தவர் யார்?

மல்லிகா: அது உண்மை.

பாலு: எப்போதும் அண்ணன் சொல்வதுதான் முடிவு. மேலமாசி வீதி வீட்டை விற்றபோதும் அப்படித்தான்.

மல்லிகா: அந்தப் பேச்சு இப்போது எதற்குத் தம்பி?

பாலு: மே மாதம் தத்தனேரி மயானத்தில் வசந்தா அக்கா வீட்டு மச்சானை வைத்துக்கொண்டு டோக்கன் வாங்கி நான் ஒருவன்தான் நின்றேன் மதினி. முகத்தைக்கூடத் திறந்து காட்டவில்லை. அந்த நாளுக்குப் பிறகு நாம் எல்லாரும் ஒன்றாக உட்காரவே இல்லை. அதற்காகத்தான் ஹால் பேசினேன்.

சுந்தரம்: அன்று எனக்கும் பாசிட்டிவ். வரக் கூடாது என்பதால்தான் வரவில்லை. உனக்கும் தெரியும்.

வசந்தா: இரண்டு பேரும் விடுங்கள்.

நித்யா (வசந்தா மகள்): இப்போதுதான் மருத்துவமனையில் பணி முடிந்து வந்தேன். பெரிய மாமா சொல்வது சரி. அம்மாச்சிக்கு இரண்டு தடுப்பூசியும் ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஒன்றுதான். இடைவெளியை 12 வாரத்துக்கு மேல் தள்ளிவிட்டார்கள். வார்டில் கூட்டம் குறைந்திருக்கிறது, காலியாகவில்லை. மூடிய ஹால் வேண்டாம் சின்ன மாமா.

பாலு: ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னால்?

நித்யா: ஏசி ஹாலில் திறக்கிற ஜன்னல் இருக்கிறதா?

பாலு: கேட்கிறேன்.

மல்லிகா: எங்கள் மொட்டை மாடி இருக்கிறதே. ஷாமியானா போட்டால் போதும்.

கார்த்திக்: அப்பத்தா பக்கத்தில் இருக்கிறார். சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறேன்: "எனக்கு ஹோட்டலும் வேண்டாம், கேக்கும் வேண்டாம். வசந்தா வர வேண்டும். அவள் இலை என் இலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்."

வசந்தா: நான் வீட்டிலேயே இருக்கிறேன். இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

மல்லிகா: எந்த நாலு பேர்? என் வீட்டு மாடிக்கு வந்து பேசட்டும், பார்க்கிறேன்.

சுந்தரம்: வசந்தா, நானே வந்து உன்னை அழைத்துப் போகிறேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரிசை, நடுவில் ஆறடி விடலாம். சாப்பிட்டதும் முகக்கவசம். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் வர வேண்டாம், வீட்டுக்கே கேரியர் போகும். கை கழுவ...

கார்த்திக்: அப்பத்தா கேட்கிறார், அத்தை வருகிறாரா?

வசந்தா: பார்க்கிறேன்.

நித்யா: நான் கூட்டி வருகிறேன். நான் மட்டும் மாடியில் தள்ளி உட்காருவேன், வார்டிலிருந்து வருவதால்.

பாலு: ஹோட்டலில் பேசிப் பார்க்கிறேன். அட்வான்ஸைப் பார்சலுக்குக் கழித்துக்கொண்டால் மாடி. இல்லையென்றால் மறுபடியும் பேசுவோம்.

சுந்தரம்: இல்லையென்றாலும் மாடிதான். அட்வான்ஸில் பாதி நான் தருகிறேன்.

பாலு: பணத்தைப் பற்றி நான் பேசவில்லை அண்ணே.

கார்த்திக்: பார்சலில் கறிதோசை ஆறிவிடுமே?

மல்லிகா: தோசையை நான் சுடுகிறேன், கறியை மட்டும் வாங்கி வா. பாலு, உங்கள் வீட்டுப் பெரிய கல் வேண்டும்.

பாலு: அது வசந்தா அக்கா வீட்டில் இருக்கிறது.

வசந்தா: இல்லை, காதுகுத்துக்கு மதினிதான் வாங்கிப் போனார்.